போலீஸ் வயிற்றுவலி

ஜூன் 12, திங்கள்

இன்றோடு அறுபத்தொன்று. நூறு வேண்டும். இன்னும் முப்பத்தொன்பது பெண்கள் சாக வேண்டும் என்று எழுதினால் கொடூரமாக இருக்கிறது. ஆனால் என் பேத்தாலஜி எம்.டி. தீசிஸ் அப்படித்தான் நகர்கிறது. பிரேதப் பரிசோதனைக்கு வரும் பெண்களின் கருப்பை, சினைப்பை, கருக்குழாய் இவற்றை எடை போட்டு, நீள அகலம் அளந்து, நம் ஊர்ப் பெண்களுக்கு இயல்பான அளவு எது என்று ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும். பாடப்புத்தகங்களில் இருக்கும் அளவுகள் ஏதோ குளிர்தேசத்துப் பெண்களிடம், என் அம்மா பிறப்பதற்கு முன்னால் எடுத்தவை.

காலை ஒன்பதரைக்கு மார்ச்சுவரி. சின்னத் தராசு, வெர்னியர் அளவுகோல், குழாயின் வளைவோடு நீளம் பார்க்க ஒரு முழம் நூல். இவற்றை டிபன் கூடையில் வைத்து எடுத்துப்போகிறேன். ஹாஸ்டல் வாட்ச்மேன் தினமும் "என்ன சாப்பாடும்மா?" என்று கேட்கிறார்.

இன்று கோபம் வந்த இடம் மார்ச்சுவரி அலுவலகத்துக் கம்ப்யூட்டர். உடலைத் திறப்பதற்கு முன்பே டைப்பிஸ்ட் அறிக்கையை அடித்து வைத்துவிடுகிறார். "கருப்பை இயல்பான அளவு, உள்ளே காலி. இணை உறுப்புகள் இயல்பு." இணை உறுப்புகள் என்றால் சினைப்பையும் கருக்குழாயும். பெயரும் வயதும் மட்டும் மாறுகின்றன. ஏன் என்று கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணுதானேம்மா. வித்தியாசமா இருந்தா சார் மாத்தச் சொல்வாரு."

"இதுவரைக்கும் சொல்லியிருக்காரா?"

"மாசமா இருந்தா மாத்துவோம்."

அம்மா போன் செய்தாள். வியாழக்கிழமை அக்காவுக்குத் திதி. வேலை இருக்கிறது, வர முடியாது என்றேன். அவளும் வற்புறுத்தவில்லை.

ஜூன் 14, புதன்

எண் 62. சண்முகக்கனி, வயது 41, ஊர் நடுவக்கரிசல். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. விஷம் குடித்து நேற்று இறந்திருக்கிறாள்.

ஏட்டு செல்வமேரி எஃப்ஐஆரை வாசித்தார். "மேற்படி நபர் தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்த நிலையில், வாழ்க்கையில் விரக்தியடைந்து..."

தடயவியல் மருத்துவர் டாக்டர் தேவசகாயம் கையுறையை மாட்டிக்கொண்டே, "இந்தம்மாவுக்கும் வயிறுதானா? இந்த மாவட்டத்துல யாருக்கும் தலையே வலிக்காதா?" என்றார். உதவியாளர் முனியாண்டி அண்ணன் சிரித்தார். ஏட்டம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏன் சிரித்தோம் என்பதை எழுதி வைக்க வேண்டும். தற்கொலை செய்துகொண்ட பெண்ணின் வீட்டார் போலீஸில் சொல்லும் காரணம் இது. புருஷன் அடித்தான் என்று எழுதினால் வழக்கு; மாமியார் என்று எழுதினால் வரதட்சணைக் கொடுமையா என்று ஆர்.டி.ஓ. விசாரணை, வேறு ஆள் என்று எழுதினால் ஊரே பேசும். வயிற்றுவலி என்று எழுதினால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள், சாயங்காலத்துக்குள் உடல் கிடைத்துவிடும். என் நோட்டில் இதுவரை வந்த அறுபத்தொருவரில் இருபத்துநான்கு பேருக்கு வயிற்றுவலி. அந்த இருபத்துநான்கு வயிறுகளிலும் ஒன்றுமே இல்லை.

இவளுடைய வலது கருக்குழாய் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் பருமனாக வீங்கியிருந்தது. பழைய தொற்றில் நீர் கோத்துக்கொண்ட குழாய் என்று எழுதி, பக்கத்தில் "விலக்கு" என்று போட்டேன். என் ஆய்வில் இயல்பான உறுப்புகளுக்குத்தான் இடம். ஒரு காலை வீணாகிவிட்ட எரிச்சல். முனியாண்டி அண்ணன் ஜாடியில் ஏற்கெனவே எண் ஒட்டி ஃபார்மலின் ஊற்றி வைத்திருந்ததால் அதில் போட்டுவிட்டு வந்தேன்.

அறிக்கையில், இணை உறுப்புகள் இயல்பு.

ஜூன் 15, வியாழன்

ஊருக்குப் போகவில்லை. மெஸ்ஸில் உளுந்த வடை. சாப்பிடவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

ஜாடிகள் தீர்ந்துவிட்டன. விலக்கிய மாதிரிகளைக் கொட்டிவிட்டுக் கழுவலாம் என்று உட்கார்ந்தேன். கொட்டும் முன் 62-இன் குழாயைச் சும்மா குறுக்கே வெட்டினேன். தண்ணீர் வரவில்லை. உள்ளே வெளிறிய, பொடிப்பொடியாக உதிரும் சதை, குழாய் முழுக்க அடைத்துக்கொண்டு.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவினேன். பிறகு மறுபடி எடுத்து எட்டுத் துண்டுகளாக வெட்டி, ஸ்லைடு தயாரிக்கும் பிராசஸிங்குக்குப் போட்டேன்.

ஜூன் 23, வெள்ளி

புற்றுநோய். சந்தேகமில்லை. கருக்குழாயிலேயே தொடங்கியது, உட்சுவரில் அது தொடங்கிய இடம்கூட ஒரு ஸ்லைடில் தெரிகிறது. பெண் உறுப்புகளில் வரும் புற்றுநோய்களில் இது அபூர்வம். இங்கே பத்து வருட ரெஜிஸ்டரைப் புரட்டினேன், ஒன்றுகூட இல்லை.

என் முதல் உணர்ச்சி சந்தோஷம். அதை மறைக்காமல் எழுதுகிறேன். மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தேன். பரீட்சையில் நல்ல கேள்வி வந்தது போல இருந்தது.

சினைப்பைகள் சுத்தம். கருப்பை சுத்தம். வயிற்றில் வேறெங்கும் பரவியதாக நான் பார்க்கவில்லை. அதாவது குழாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. அதாவது எடுத்திருக்கலாம்.

இந்தக் கடைசி வாக்கியம் தோன்ற எனக்கு மூன்று மணி நேரம் ஆனது.

ஜூன் 27, செவ்வாய்

என் கைடு டாக்டர் கோமதிநாயகம் ஸ்லைடைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இரண்டு வருடத்தில் முதல் முறை.

"செண்பகம், இது நல்ல ஜர்னலுக்குப் போகும். நாலு நாள்ல கேஸ் ரிப்போர்ட் எழுதிடு. 'பிரேதப் பரிசோதனையில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட, அறிகுறியற்ற கருக்குழாய்ப் புற்றுநோய்.' தலைப்பு நான் சொல்லிட்டேன் பாரு."

"அறிகுறி இருந்ததே சார். எஃப்ஐஆர்ல வயிற்றுவலின்னு இருக்கு."

அவர் சிரித்தார். நல்ல மனிதர், மாணவர்களிடம் கத்தமாட்டார். "அது போலீஸ் வயிற்றுவலிம்மா. அதைப் போய் அறிகுறின்னு எழுதினா ரிவ்யூவர் சிரிப்பான்."

வரும்போது படிக்கட்டில் நின்றுவிட்டேன். அறிகுறியற்ற. ஒரு பெண் வலிக்கிறது என்று சொல்லிச் செத்திருக்கிறாள், அதைக் காவல்துறை முத்திரை போட்டு எழுதியிருக்கிறது, நாங்கள் அறிகுறியற்ற என்று அச்சடிக்கப் போகிறோம். மற்றவர்கள் எல்லாம் சொன்ன பொய்யை இவள் ஒருத்தி உண்மையாகச் சொன்னதால் இவளுடையதும் பொய்.

ஜூன் 28, புதன்

மார்ச்சுவரி. இன்று பெண் உடல் இல்லை. ஏட்டம்மா வேறொரு வழக்குக்காக வந்திருந்தார். சண்முகக்கனியைப் பற்றிக் கேட்டேன்.

"யாரு, தீப்பெட்டி ஆபீஸா? அதுல என்னம்மா இருக்கு. கணக்கப்பிள்ளைக்கும் அவளுக்கும் ஏதோ பழக்கம்னு ஊர்ல பேச்சு. புருஷங்காரன் வாயே திறக்கல. தங்கச்சிதான் வயித்து வலி, வயித்து வலின்னு அழுதுச்சு. சரி எழுதிக்கோன்னு எழுதிட்டோம்."

"உண்மையிலேயே வலி இருந்திருந்தா?"

"எல்லாரும் அப்படித்தானம்மா சொல்லுதாக." பிறகு, "அவ பையில ஆஸ்பத்திரிச் சீட்டு ஒரு கத்தை கிடந்துச்சு. ஃபைல்ல வச்சிருக்கோம்" என்றார். செல்போனில் படமெடுத்து வைத்திருந்ததைக் காட்டினார்.

பதினோரு ஓபி சீட்டுகள். பதினான்கு மாதங்கள். வாயு. வாயு. அல்சர். வெள்ளைப்படுதல், மாத்திரை. வாயு. வெள்ளைப்படுதல். பூச்சி மாத்திரை. ஒன்பதாவது சீட்டில் "மன உளைச்சல், தூக்க மாத்திரை". ஒன்றில்கூட வயிற்றைத் தொட்டுப் பார்த்ததாக ஒரு வரி இல்லை. பதினொன்றாவது சீட்டு மே 30. அதில் மருந்தே இல்லை. தேதியும் முத்திரையும் மட்டும். வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறாள்.

பதினொன்றில் மூன்று எங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டுகள். அந்த ஓபியிலிருந்து நான் உட்காரும் மேசைக்கு நூற்றைம்பது அடி.

ஏட்டம்மா என்னைப் பார்த்து, "என்ன டாக்டரம்மா, மூஞ்சி செவந்துபோச்சு" என்றார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நானும்ல சிரிச்சேன்" என்றார்.

ஜூன் 30, வெள்ளி

தேவசகாயம் சாரிடம் போனேன். அறிக்கையில் ஒரு திருத்தம் போட வேண்டும், குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்றேன். இந்தப் புற்றுநோய் பல சமயம் குடும்பத்தில் ஓடுவது. தங்கை இருக்கிறாள்.

"சாவுக்குக் காரணம் விஷம். அது சரியாத்தானே இருக்கு?"

"இணை உறுப்புகள் இயல்புன்னு இருக்கு சார்."

"நீதானே அளந்தே? அன்னைக்கு நீ என்ன எழுதின?"

"விலக்கு" என்று எழுதினேன்.

"திருத்தினா கோர்ட்டுல கேப்பான், முதல்ல பார்க்காம கையெழுத்துப் போட்டியான்னு. அப்புறம் இருக்கிற அத்தனை ரிப்போர்ட்டையும் கேப்பான். அப்புறம் அந்தக் குடும்பம் கேக்கும், யாரைக் கேட்டு உறுப்பை எடுத்தீங்கன்னு. நூறு உறுப்பு, நூறு குடும்பம். உன் தீசிஸ் என்ன ஆகும்னு யோசி." கோபமே இல்லாமல் சொன்னார். டீ வேண்டுமா என்றும் கேட்டார்.

எத்திக்ஸ் கமிட்டியில் "உறவினர் சம்மதம் தேவையில்லை" என்று விலக்கு வாங்கியிருக்கிறோம். அந்த விண்ணப்பத்தை எழுதியவளும் நான்தான்.

ஜூலை 2, ஞாயிறு

துணி துவைத்தேன். வெள்ளைக் கோட்டின் காலரில் மை. போகவில்லை. நூலகத்து நாவலில் முப்பது பக்கம் படித்தேன். ஒன்றும் மனதில் ஏறவில்லை.

பதினொன்றாவது சீட்டையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போலீஸுக்கு எழுதிக் கொடுக்கும் மனு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "ஐயா, எனது மூத்த மகள் கடந்த சில மாதங்களாகத் தீராத வயிற்றுவலியால்." பதினோராம் வகுப்பில் எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அக்கா இறந்த அன்று அப்பா வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே தடவையில் எழுதினேன்.

இதற்கும் சண்முகக்கனிக்கும் சம்பந்தமில்லை.

ஜூலை 8, சனி

நடுவக்கரிசல். எட்டு மணி பஸ், இரண்டு இடத்தில் மாறி, பதினொன்றரைக்கு இறங்கினேன். தங்கை மாரிக்கனி அதே தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள், முப்பத்துநான்கு வயது. ஏட்டம்மா முன்னாலேயே போன் செய்து சொல்லியிருந்தார். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் வெளியே வந்தாள். கை விரலெல்லாம் தீக்குச்சி மருந்துக் கறை. கேட்டுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் நின்றே பேசினோம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"போலீஸா?"

"டாக்டர்."

"டாக்டருக்கு இப்ப என்ன?"

நடந்ததைச் சொன்னேன். எளிமையாகச் சொல்ல பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "உங்க அக்காவுக்கு நிஜமாவே வயிறு வலிச்சிருக்கு" என்றுதான் ஆரம்பித்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அது எனக்குத் தெரியும்லா. அதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

பிறகு அவளே சொன்னாள். "சுருட்டிச் சுருட்டி வலிக்கும்பா. வேலையில கெடந்து சுருண்டுக்கிடுவா. திடீர்னு தண்ணியாப் போகும். போனதும் வலி நின்னுரும். மறுபடி நாலு நாள்ல வரும். டாக்டர்ட்டயும் இதேதான் சொன்னா. ஒவ்வொரு மட்டமும் இதேதான் சொன்னா. நான் கூடப் போயிருக்கேன்."

வலி சுருட்டும், பிறப்புறுப்பு வழியே தண்ணீராகப் போகும், போனதும் வலி நிற்கும். கருக்குழாய்ப் புற்றுநோய்க்குப் பாடப்புத்தகம் கொடுக்கும் அடையாளம் வரி மாறாமல் இதுதான். வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். நேரில் பார்ப்பது அபூர்வம் என்பார்கள். சொல்லி முடிக்கும் வரை கேட்கிறவர் இருந்தால்தானே பார்க்க முடியும்.

"உங்க அம்மா எதனால இறந்தாங்க?"

"வயித்துல தண்ணி கோத்து. நாப்பத்தாறு வயசு."

உடனே பரிசோதனை செய்ய வேண்டும் என்றேன். அவளுக்கு வலியே இல்லையாம். வலி வரும் வரை காத்திருக்கக் கூடாது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "அவ உடம்புலருந்து எடுத்ததா சொன்னீகளே, யாரக் கேட்டு எடுத்தீக?" என்றாள்.

"யாரையும் கேட்கலை."

"எல்லார்ட்டயும் எடுப்பீகளா?"

"ஆமா."

"எடுத்தாச்சும் பாத்தீகளே. இருக்கையில பதினோரு மட்டம் வந்தா, ஒருத்தரும் எடுத்துப் பாக்கல." குரல் உயரவில்லை. அந்தக் கோபத்துக்கு முன்னால் என்னுடையது படித்தவளின் கோபம். "கணக்கப்பிள்ளையோட சேத்துப் பேசினானுக. இவ புருஷன் பதினாறாம் நாளு படத்துக்கு மாலைகூடப் போடல. எம் வீட்டுக்காரரு அவ பேரைச் சொல்லாதங்காரு. பதினாறு வயசுப் பொண்ணு ஒண்ணு இருக்கு அவளுக்கு, பள்ளிக்கூடம் போவ மாட்டேங்கு. நீங்க என்னடான்னா என்னை வந்து படுக்கச் சொல்லுதீக. வாரேன். முதல்ல இதை எழுதித் தாங்க."

"எதை?"

"இப்பச் சொன்னீகளே, அத. கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டு. வாயால சொன்னா யாரு நம்புவா? அவளும் வாயாலதான சொன்னா."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். மரத்தில் வைத்து எழுதினேன். "நடுவக்கரிசல் சண்முகக்கனியின் வலது கருக்குழாயில் புற்றுநோய் இருந்ததை நுண்நோக்கிப் பரிசோதனையில் கண்டேன். அவர் பதினான்கு மாதங்களாகச் சொல்லிவந்த வயிற்றுவலி உண்மையானது. முதலில் அதைக் கவனிக்கத் தவறியவர்களில் நானும் ஒருத்தி. அவருடைய தங்கைக்கும் மகளுக்கும் பரிசோதனை அவசியம்." பெயர், பதிவு எண். முத்திரை கைவசம் இருந்தது, வைத்தேன். மரப்பட்டையின் மேடுபள்ளத்தில் இரண்டு இடத்தில் அடித்தல். திருத்தி எழுதித் தரவா என்றேன்.

"இருக்கட்டும். இதுவே போதும்" என்று வாங்கி, சாப்பாட்டுத் தூக்குவாளியின் மூடிக்குள் வைத்துக்கொண்டாள். மணி அடித்தது. உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 11, செவ்வாய்

கோமதிநாயகம் சாரிடம் நானே சொல்லிவிட்டேன். நாற்காலி இழுத்துப் போடவில்லை. "எழுத்தில் கொடுத்தியா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். கேஸ் ரிப்போர்ட்டில் அறிகுறியற்ற என்ற சொல் இருந்தால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன்.

ஜூலை 14, வெள்ளி

மார்ச்சுவரிக்குப் போக அனுமதி ரத்து. எழுபத்துமூன்றோடு நின்றது. முனியாண்டி அண்ணன் தராசையும் நூலையும் ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "இப்பல்லாம் குழாயை நானே வெட்டிப் பார்த்துச் சொல்லுறேன்மா. சார் ஒண்ணும் சொல்லல" என்றார்.

ஜூலை 24, திங்கள்

டீன் அலுவலகத்தில் விளக்கம் கேட்டு மெமோ. கூடவே செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்கள். நடுவக்கரிசல் பஸ் ஸ்டாப். நேற்று சண்முகக்கனிக்கு நாற்பத்தோராம் நாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஆளுயரம். மேலே அவள் படம், பச்சைச் சேலையில், ரேஷன் கார்டுக்கு எடுத்த முறைப்போடு. கீழே "மறைந்தாலும் மறவோம்" போட வேண்டிய இடத்தில் என் கடிதம். இரண்டு அடித்தல்களோடு, என் பதிவு எண்ணோடு, முத்திரையோடு அப்படியே பெரிதாக்கி அச்சடித்திருக்கிறார்கள். வருந்துவோர் பட்டியலில் ஒரே ஒரு பெயர். மாரிக்கனி, தங்கை.

தீப்பெட்டி ஆபீஸ் கேட்டிலும் ஒன்று ஒட்டியிருக்கிறதாம். சண்முகக்கனியின் புருஷன் வீட்டுச் சுவரில் இரண்டு.

"இது உங்க கையெழுத்தா?" என்றார் அலுவலர்.

ஆமாம் என்றேன்.

ஜூலை 26, புதன்

மாரிக்கனி வந்தாள், சொன்னபடி. தனியாக வரவில்லை. அக்காள் மகளைக் கூட்டி வந்திருந்தாள். மெலிந்த பெண், யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களோடு தீப்பெட்டி ஆபீஸிலிருந்து இன்னும் நான்கு பெண்கள். லீவு போட்டுவிட்டு ஒரே வேனில்.

மாரிக்கனிக்கு ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம். மரபணு முடிவு வர ஆறு வாரம். ஸ்கேன் நாளைக்கு. அந்தப் பெண்ணுக்கு இப்போது ஒன்றும் தேவையில்லை, அம்மாவின் கதையைச் சீட்டில் எழுதி வைத்தால் போதும் என்று மகளிர் பிரிவில் சொன்னார்கள். எழுத வைத்தேன். "வயித்து வலிதான் எழுதுறீங்களா?" என்று அவள் கேட்டாள். அவள் பேசியது அது ஒன்றுதான்.

மற்ற நால்வரையும் பொது ஓபிக்கு அழைத்துப் போனேன். இளம் டாக்டர் ஒருவர், என் ஜூனியர் வயது. முதல் பெண் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்ன பண்ணுது?"

"வயித்து வலி."

அவர் இரண்டாமவளைப் பார்த்தார். அவளும் வயித்து வலி என்றாள். மூன்றாமவளிடம் கேட்காமலே அவர் உதட்டோரம் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். ஜூன் 14 அன்று என் முகத்தில் இருந்தது. சிரித்தபடியே சீட்டில் மாத்திரை எழுதத் தொடங்கினார். நான் சீட்டின் மேல் கையை வைத்தேன்.

"முதல்ல படுக்க வைங்க. வயிற்றைத் தொட்டுப் பாருங்க."

"மேடம், நீங்க பேத்தாலஜிதானே? பொணம் பார்க்கிறவங்க."

"ஆமா. நீங்க பார்க்காம அனுப்பினவங்களைத்தான் நாங்க அங்க பார்க்கிறோம்."

வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேனாம். பிறகு மாரிக்கனி சொன்னாள். எனக்குத் தெரியாது.

கையை எடுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற மற்ற பெண்களைப் பார்த்தார், பேனாவை மூடினார். எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டு, முதல் பெண்ணைப் பார்த்து, "எந்த இடத்துலம்மா வலிக்குது?" என்றார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். வெகுநேரம் சொன்னாள்.